எர்த் கிடைக்கவில்லை

ஓபாவா நதி வடிந்த மூன்றாம் நாள்
என் ஆப்பிள் மரத்தடியில்
ஒரு சிவப்பு ஜாவா ஒருக்களித்துப் படுத்திருந்தது.
முன்சக்கரம் வேலிக்கு அந்தப் பக்கம்,
சைலன்ஸருக்குள் யார் தோட்டத்து வெங்காயமோ.
நம்பர் பிளேட் இல்லை.

தெருவெல்லாம் விசாரித்தேன்.
ஒவ்வொருவரும் தம் கோழியை, தரைவிரிப்பை,
பியானோவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
மோட்டார் சைக்கிளைக் காணோம் என்றவர்
ஒருவருமில்லை.

பகலில் எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை.
ஊரில் லிஃப்ட் குழியெல்லாம் கிணறாகிக் கிடந்தது.
இறைத்து, ரிலேக்களைக் கழுவி,
முதுகு கழன்று வீடு வந்தால்
இது.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிக்கரை மிதித்தேன்.
சேற்றுத் தண்ணீரை முகத்தில் துப்பியது.
நியாயம்தான்,
நான் யாரென்று அதற்கென்ன தெரியும்.

ஹெட்லைட்டைத் திறந்தேன்:
உள்ளே ஒரு கோப்பை நதி,
ஒரு நத்தை.
டைனமோவைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் காயவைத்தேன்.
பாயின்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன்
புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
டிராக்டர் கடையில் ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று
தூசியோடு கிடைத்தது.

இனி எழும் என்றிருந்தேன்.
ஹாரனை அழுத்தினால்
பிரேக் லைட் மினுங்கியது.
பிரேக்கை மிதித்தால்
ஹாரன் முனகியது.

தண்ணீர் பண்ணிய வேலை என்றேன்.
அந்த மாதம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னோம்.
கதவு மூடவில்லையா, தண்ணீர்.
ரொட்டி மாவு பொங்கவில்லையா, தண்ணீர்.
ஹெட்விகா புருஷனை விட்டுப் போனாள்,
அதற்கும் தண்ணீர்தான்.

மீட்டருக்கு ஊர்ப்பேச்சு தெரியாது.
பேட்டரியில் ஆறு புள்ளி இரண்டு.
காயிலின் இரு முனைகளுக்கு நடுவே
நான்கு புள்ளி ஒன்று.
மிச்சத்தை வழியில் யாரோ குடிக்கிறார்கள்.
ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு இணைப்பாக
மூன்று இரவு துரத்தினேன்.
போகிற வழியில் குற்றமில்லை.
திரும்பி வரும் வழியை அளக்கத் தோன்றியது
நான்காம் இரவில்தான்.
ஒரு முனை பேட்டரியின் எர்த்தில்,
ஒரு முனை எஞ்சின் உடம்பில்:
பூஜ்யம் வரவேண்டிய இடத்தில்
இரண்டு.

சீட்டுக்கடியில் எர்த் போல்ட்.
துருவை எதிர்பார்த்துக் கழற்றினேன்.
துரு இல்லை. சேறும் இல்லை.
சிவப்புப் பெயின்ட், மூன்று பூச்சு,
வழவழவென்று, ஆசை ஆசையாய் அடித்தது.
நதி இங்கே வந்து போயிருக்கிறது,
ஒன்றையும் தொடவில்லை.

கத்தியால் சுரண்டினேன்.
காசளவு வெள்ளை இரும்பு.
வாஷர் வைத்து முறுக்கினேன்.

மூன்றாவது மிதியில்
நீலப்புகை கக்கிக்கொண்டு
தெருவையே எழுப்பியது.

சத்தம் கேட்டு வந்தார் லூமிர் கோஷுட்,
நான்கு தெரு மேலே இருப்பவர்,
கம்பளிச் சட்டைக்கு மேல் ரப்பர் கோட்டோடு.
வண்டியைப் பார்த்தார்; என்னைப் பார்க்கவில்லை.
"பெயின்ட் எப்போது அடித்தீர்கள்?"
"போன வருஷம். ஏப்ரலில்."
"அதற்குப் பிறகு?"
"ஸ்டார்ட்டே ஆகவில்லை."

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.
"வெள்ளத்தில் கெட்டதென்று
காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்,"
என்றார் தாழ்ந்த குரலில்.
"நாளை பார்க்க வருகிறார்கள்.
அந்த போல்ட்டை
கொஞ்சம் தளர்த்த முடியுமா?"

பதினான்காம் நம்பர் ஸ்பானரைத் தேடி
உள்ளே போனேன்.
தருவதா மறுப்பதா என்று யோசிக்கவே
போனேன் என்றும் சொல்லலாம்.

திரும்பி வருவதற்குள்
கியர் விழும் சத்தம்.
காய்ந்த சேற்றில் தடம் போட்டுக்கொண்டு
பாலத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார் மனிதர்,
கோட்டு பின்னால் படபடக்க,
நள்ளிரவில், ஒருவருக்கும் வழி கேட்காமல்
ஹாரன் அடித்தபடி.

பிரேக் லைட்
ஒருமுறைகூட மினுங்கவில்லை.