படகும் போகாத, காலும் போகாத வாரங்கள்

மே மாதத்து இனாரி ஏரி
பனியாகவும் இல்லை, நீராகவும் இல்லை.
நடந்தால் உள்ளே இழுக்கும்,
படகை இறக்கினால் முட்டி நிற்கும்.
ஐந்து வாரம், சில வருடம் ஆறு,
இந்தத் தீவுக்கு யாரும் வர முடியாது.
அதற்காகத்தான் வந்தேன்.

தாம்பெரே நகரத்தில் பத்தொன்பது வருடம்
பிறர் கணக்கை எழுதினேன்.
இங்கே என் கணக்கு ஒரு பலகையில் அடங்கும்:
கம்பு மாவு அரை மூட்டை,
உப்பு உண்டு,
காப்பித்தூளைப் பார்த்துப் போடவேண்டும்.
எலி ஒன்று. பெயர் வைக்கவில்லை,
வைத்தால் பேசவேண்டி வரும்.

காலையில் பிர்ச் விறகு பிளப்பேன்.
அதற்குப் பிறகு வேலை ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைச் செய்யக் கற்பதற்கே
முதல் குளிர்காலம் முழுவதும் போயிற்று.

எதிர்த்தீவில் எல்யாஸ் இருக்கிறார்.
நான்கு வருடத்தில் பேசியது ஒரே முறை,
வலைகள் சிக்கிக்கொண்டபோது, ஏழெட்டுச் சொல்.
காலை ஆறு மணிக்கு அவர் புகை எழும்.
அதையெல்லாம் நான் பார்ப்பதில்லை.
பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை புகை இல்லை.
புதன்கிழமையும்.

கரையில் நின்று ஒரு கால் வைத்தேன்;
பாலில் ஊறிய ரொட்டிபோல் பனி இறங்கியது.
பூட்ஸ் நிறையத் தண்ணீரோடு திரும்பினேன்.
தொலைபேசியை அண்ணன் மகனிடம்
கொடுத்துவிட்டு வந்தவள் நான்.
அதில் பெருமை வேறு.

வியாழன் மாலை
மீன் பொரிக்கும் இரும்புச் சட்டியை எடுத்துப்போய்
கோடரியின் பின்பக்கத்தால் அடித்தேன்.
வாத்துகள் எழுந்து பறந்தன.
கை மரத்துப்போகும்வரை அடித்தேன்.
நடுவே என் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தது,
உரக்க, உடைந்து.
அதுவரை அதை நான் சொல்லிப் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை, நண்பகல் தாண்டி,
கோணலாக, கறுப்பாக,
ஈர விறகின் புகை.

அந்த ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் ஏழாம் தேதி ஏரி திறந்தது.
மோட்டார் படகில் வந்தார்,
இடது கை கழுத்துத் துணியில் தொங்க.
"சட்டி அடித்தது எதற்கு?"
"கரடி" என்றேன்.
தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அதற்கு என் பெயர் தெரிந்திருக்கிறது."
இரண்டு வெண்மீனைப் பாறையில் வைத்தார்.
காப்பி வேண்டாம் என்று தலையாட்டிப் போய்விட்டார்.

சட்டியின் அடி நெளிந்துவிட்டது.
வெண்ணெய் இப்போது ஒரே பக்கமாக ஓடுகிறது.
மீனை அந்தப் பக்கம் தள்ளிப் பொரிக்கிறேன்.