முப்பது முட்டைகள்

ஐரோப்பாவுக்குப் போக
என் படகில் பத்து நிமிடம்.
ஓயாபொக் ஆற்றில் வற்றம் என்றால் பதினைந்து.

இக்கரை பிரேசில்.
அக்கரையில் பன்னிரண்டு விண்மீன் போட்ட நீலக்கொடி;
கம்பத்தின் அடியில் கரையான்
மண்ணேற்றத் தொடங்கிவிட்டது.
இரண்டு கரைக்கும் ஒரே காடு, ஒரே கொசு,
மூன்று மணிக்கு ஒரே மழை.

நேற்று எர்மெலிந்தா
ஒரு தட்டு முட்டையோடு ஏறினாள்.
பேரனுக்குப் பிறந்தநாள், கேக்குக்கு.
மகள் வீட்டுச் சன்னல், அதன் பச்சைத் திரை
இங்கிருந்தே தெரியும்.

சுங்க அதிகாரி புதியவன்,
வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.
"மூன்றாம் நாட்டு முட்டை
ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது" என்றான்.
"என் கோழிகள் ஒரே நாட்டில்தான் முட்டையிட்டன"
என்றாள் அவள்.
அவன் சிரிக்காமல்
கையேட்டில் பக்கம் காட்டினான்.

நான் படித்த படத்தில்
ஐரோப்பா கிழக்கே ஊரல் மலை வரை,
மேற்கே கடல் வரை.
கடல் வந்தால் தீர்ந்தது.

அக்கரைப் பள்ளியில் படிக்கும்
அக்காள் மகள் கெய்லானிக்கு வேறு படம்.
நடுவில் பெரிதாக ஐரோப்பா,
மூலையில் சின்னக் கட்டம்,
அதற்குள் அவள் ஊர், இந்த ஆற்றில் பாதி.
"கட்டத்துக்கு வெளியே என்ன, மாமா?"
"போர்ச்சுகல் பக்கத்துக் கடல்."
"அப்போ நீ?"
எஞ்சின் கயிற்றை இழுத்தேன்.
அந்தச் சத்தத்தில் யார் பதில் கேட்பார்கள்.

யூரோ நோட்டின் பின்புறத்திலும்
அந்தக் கட்டம் உண்டு, கீழே, கடுகளவு.
கட்டுக்கட்டாய் எண்ணுகிறவன்
கட்டைவிரல் வைத்து அழுத்துகிற இடம்.

அண்ணன் அக்கரையில்,
தம்பி இக்கரையில், நடுவிலவன் நொரினோ.
அண்ணன் ஓட்டுப் போடும் மன்றம்
பனி பெய்கிற ஏதோ ஊரில்.
"மேலாறு தெரியும், கீழாறு தெரியும்,
எதிர்நாடு எங்கே இருக்கிறது?" என்பான்.
படகில் அடுப்பு வைத்திருப்பவனும் அவன்தான்.

ஆற்று நடுவே ஒரு பாறை,
ஏற்றம் வந்தால் முழுகிப்போகும்.
அங்கே ஒதுங்கினோம்.
என் காபிப் பாத்திரத்தில்
ஐந்தைந்தாக அவித்தோம். உப்பில்லை.
எர்மெலிந்தா ஆறு, நான் ஒன்பது, நொரினோ பதினொன்று.
மீதி நான்கை
தண்ணீர் கணுக்கால் தொடும்போது
யார் தின்றோம் என்று நினைவில்லை.

திரும்பவும் அக்கரை.
"முட்டை இருக்கிறதா?"
"இல்லை" என்றாள், வயிற்றைத் தடவிக்கொண்டு.
முத்திரை குத்தினான்.
ஏப்பத்தை அடக்கியபடி
மூவரும் ஐரோப்பாவுக்குள் நடந்தோம்.

கேக்குக்கு மகள்
கடையில் வாங்கி வைத்திருந்தாள்.
ஏழாயிரம் கிலோமீட்டர் கப்பலில் வந்தவை,
ஒவ்வொரு ஓட்டிலும் சிவப்பு முத்திரை.
எர்மெலிந்தா ஒன்றை உடைத்து முகர்ந்தாள்.
"கோழியைப் பார்த்திருக்காது போல" என்றாள்.
ஆனாலும் அடிக்கத் தொடங்கினாள்.