அறுநூறு இருக்கை

தண்ணீர்த் தொட்டியா என்று கேட்டவர்கள் உண்டு
எங்கள் தேவாலயத்தைப் பார்த்து.
அறுபத்து நான்கில் பலகை அடித்து ஊற்றிய கான்கிரீட்.
மர ரேகை இன்னும் சுவரில் நிற்கிறது,
கணுவோடு.
ரூர் சுரங்கத்தில் மூன்று ஷிஃப்ட் ஓடிய காலம்;
அறுநூறு இருக்கையும் போதாமல்
பின்னால் நின்றார்களாம்.

இப்போது முப்பத்தொரு பேர், கோட்டைக் கழற்றாமல்.
நான் பொருளாளர்.
எரிவாயு பில் வந்தால்
முதலில் தண்ணீர் குடிப்பேன், பிறகு உறையைப் பிரிப்பேன்.
யானையைக் கட்டித் தீனி போட்டோம்:
வாங்கிய வெப்பமெல்லாம் பன்னிரண்டு மீட்டர் ஏறி
ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கட்டடக் கலைஞர் ஸ்வென்யா வந்தாள்.
வரைபடம் எதையும் விரிக்கவில்லை.
“அவரவர் வழக்கமான இடத்தில் உட்காருங்கள்.”
ஹைட்ரூன் தூணோரம்.
அன்ஸ்கார் கடைசி வரிசை, இருமல்காரர்.
வீப்கே இடது ஓரம், வலப்பக்கம் ஓர் ஆள் அகலம் விட்டு.
அந்த ஆள் போய்ப் பதினோரு வருடம்.

ஸ்வென்யா தாளில் புள்ளி வைத்தாள்.
யாரோ மிளகு சிந்தியதுபோல் இருந்தது.
“சமாதானம் சொல்லக் கை நீட்டினால் எட்டுமா?”
எட்டாது.
தூரத்திலிருந்தே தலையாட்டிக்கொள்வோம்.

கண்ணாடிச் சுவர் எங்கே வருவது என்று
ஆறு மாதம் சண்டை.
முப்பது வெள்ளிக்காசு என்று
எனக்கொரு மொட்டைக் கடிதம்.
கூரைக் கடனுக்கே அது போதாது என்று பதில் எழுத
விலாசம் இல்லை.

பெஞ்சுகளைக் கழற்றிய அன்று
அடியில் கல்லாய்ப் போன சூயிங்கம்,
பக்கத்தில் ஆணியால் கீறிய பெயர்: உல்ஃப்.
ஒயர் இழுக்க வந்திருந்த உல்ஃப்
ஏணியிலிருந்து இறங்கவே இல்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இப்போது நாற்பது நாற்காலி.
அந்தப் பக்கம் வியாழக்கிழமை உணவு வங்கி,
நுர்ஜான் காய்ச்சும் பருப்பு சூப்,
மற்ற நாளில் பூப்பந்து.
ஞாயிறு பத்து மணிக்கு ஆடக்கூடாதென்று
பலகை மாட்டியிருக்கிறோம்.

போன ஞாயிறு, ஜெபத்தின் நடுவே,
ஒரு பந்து கண்ணாடியில் பட்டு விழுந்தது.
அந்தப் பக்கம் ஒரு பையன்
வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.
பாஸ்டர் ஆமென்னை விழுங்கிவிட்டார்.
வீப்கேதான் முதலில் சிரித்தாள்.

அவள் வலப்பக்க நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.
ரசீதில் நாற்பது; நான் நாற்பத்தொன்று வாங்கினேன்.
இந்தக் குளிரில் அவள்
தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போடுகிறாள்.
வியர்க்கிறதாம்.