பை இல்லாத கால்சட்டை

ஏக்ரனில் பனி கொட்டிய செவ்வாய்க்கிழமை
காலை ஆறு மணி வகுப்புக்கு மூன்றே பேர்.
டெஷான் இடது கையால்
கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தான்.
அவன் வலக்கைக்காரன்.

நான் கேட்கவில்லை.
கேட்டால் ராத்திரி படுத்த வாக்கு சரியில்லை என்பான்.
நூற்றெண்பது கிலோவைத்
தரையிலிருந்து பிடுங்குகிறவனுக்கு
அன்று சாக்பீஸ் கனத்தது.

சலவைக் கடைக்கும் வரிக்கணக்கு எழுதுகிறவருக்கும் நடுவில்
ஊரார் முதுகை நிமிர்த்துகிற கடை என்னுடையது.
சுவரெல்லாம் கண்ணாடி.
எந்தப் பக்கம் திரும்பினாலும்
சம்பளம் கொடுக்கிறவளின் முகம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்கள்.
தலைப்பாகைக்கு மாதம் எவ்வளவு என்று
யாரும் சொன்னதில்லை.
லொரெய்ன் சொன்னாள், தொலைபேசியில்,
ஏதோ மென்றுகொண்டே:
"ஆளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
பாதி நீ போட்டால் போதும், கோதை.
ஆனால் நாலு பேரில் மூன்று பேராவது சேரணும்.
இரண்டு பேர் என்றால் கோப்பை மூடிவிடுவார்கள்."

மிலேனா அன்றைக்கே போட்டாள், படிக்காமல்.
வெண்டல் மூன்று நாள் படித்தான்,
பிறகு போட்டான்.
கெய்லின் முடியாது என்றாள், கார் தவணை.
டெஷான் சிரித்தான்.
"என்னைப் பார்த்தால் நோயாளி மாதிரியா இருக்கு?"

கதவில் ஒரு தாள் ஒட்டினேன்.
பிப்ரவரி முதல் கட்டணம் ஏழு டாலர் கூடுதல்,
காரணம் இன்னது, மன்னிக்கவும்.
ஒன்பது பேர் விலகினார்கள்.
ஒருவர் ஒரே வரியில் எழுதியிருந்தார்:
நான் உடம்பைக் குறைக்க வந்தேன், பர்ஸை அல்ல.
நல்ல வரிதான். எனக்கே சிரிப்பு வந்தது,
பிறகு வரவில்லை.

டயர் ஆலையில் முப்பது வருஷம் நின்ற ஹ்ருஸ்கா
தாளை வாசித்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:
"இதுக்காக நாங்க பதினோரு வாரம்
வாசல்ல நின்னோம், இதே மாதிரி பனியில.
நீ ஏழு டாலருக்கு மன்னிப்புக் கேக்கற."
அந்த ஒரு சொல்லை மட்டும் பேனாவால் அடித்தார்.
அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசி நாள், மணி நாலரை.
லொரெய்ன் இரண்டு முறை அழைத்துவிட்டாள்.
மிலேனா சைக்கிளிலிருந்து இறங்கி,
வியர்வை சொட்டச் சொட்ட,
பேனாவை டெஷானின் வலது கையில் வைத்தாள்.
பேனா கீழே விழுந்தது.
யாரும் குனியவில்லை கொஞ்ச நேரம்.
ரப்பர் தரையில் அது உருண்டு
இருபது கிலோ தட்டில் முட்டி நின்றது.

"எத்தனை நாளா?"
"நவம்பர்லேர்ந்து."

இடக்கையால் போட்டான்.
முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து.
உரிமத்தில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று
திருப்பி அனுப்பினார்கள்,
அதற்கு ஒரு கடிதம், அதற்கு ஒரு வாரம்.

சின்ன எழுத்தில் இருந்ததை
நான்தான் அவனுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது:
வருஷத்தில் முதல் நாலாயிரம் டாலர் வரைக்கும்
உன் தோள் உன் பாடு.
அதற்குப் பிறகுதான் அவர்கள் தோள் கொடுப்பார்கள்.

"நாலாயிரம்" என்றான்.
"தவணையில் கட்டலாமாம்" என்றேன்.
இருவரும் கண்ணாடியைப் பார்த்தோம்,
ஒருவரையொருவர் பார்க்காமலிருக்க.

அட்டை தபாலில் வந்தது மார்ச் மாதத்தில்.
வெறும் பிளாஸ்டிக், பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
எங்கே வைப்பதென்று தடவிப் பார்த்தான்.
பயிற்சிக் கால்சட்டையில் பை கிடையாது.
குனிந்து,
காலுறைக்குள் செருகிக்கொண்டு
ஆறு மணி வகுப்பைத் தொடங்கினான்.
கையைத் தூக்கச் சொன்னான் எல்லாரையும்.
தான் தூக்கவில்லை.