இருபத்திரண்டு மணி நேரம்

நகராட்சி அலுவலகத்தில் ஸ்பானிஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
லீமாவில் எட்டு வருடம்
கார் உதிரிபாகம் விற்றபோது ஒட்டிக்கொண்ட மொழி:
பிரேக் வயர், கிளட்ச் தட்டு, கடன் கிடையாது.
இதை வைத்துக்கொண்டு
இன்று நட்புறவைப் பேச வேண்டும்.

சிலியிலிருந்து ஆறு பேர்.
மூன்று விமானம், ஒரு ரயில், ஒரு மினி பஸ்,
முப்பத்தொன்பது மணி நேரம்.
கால் வீங்கி இறங்கினார்கள்.
மீனவர் சங்க அரங்கில் ஹீட்டர் போட்டிருந்தோம்,
நவம்பர் குளிருக்கு அது காணவில்லை.

மேயர் மூன்று பக்கம் வாசித்தார்.
நான் ஒன்றரைப் பக்கம் சொன்னேன்.
கடல் நம்மைப் பிரிக்கவில்லை, இணைக்கிறது என்ற வரி
இரண்டு முறை வந்தது; ஒன்றை விழுங்கிவிட்டேன்.
அவர்கள் ஒரு செப்புத் தட்டு கொடுத்தார்கள்.
நாங்கள், நல்ல பாடு விழுந்த நாளில்
படகில் ஏற்றும் கொடி.
கேமராவுக்காக எல்லாவற்றையும்
இன்னொரு முறை கொடுத்து வாங்கினார்கள்.

அப்புறம்தான் நிபால்தோ எழுந்தார்.
மூச்சடக்கி மட்டி எடுப்பவர்.
நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை.
தொப்பியைப் பிசைந்துகொண்டே சொன்னார்:
"அறுபதாம் வருடம், மே மாதம்
எங்கள் நிலம் உதறியது.
எங்கள் கரையில் கிளம்பிய அலை மறுநாள் இங்கே வந்தது.
அப்போது நான் பிறக்கவில்லை.
இருந்தாலும் யாராவது சொல்லியாக வேண்டும்."
பிறகு ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல்லை லீமாவில்
பஸ்ஸில் காலை மிதித்தவனும் சொல்வான்,
மனைவியின் சவப்பெட்டி அருகே நிற்பவனும் சொல்வான்.
எங்கள் மொழியில் அதற்கு ஏழெட்டுப் படிகள்.
மேல்படி, தோள் இடித்ததற்கு.
கடைசிப் படியில் நெற்றி தரையில் பட வேண்டும்.
இவரை எங்கே நிறுத்துவேன்?
அறுபதில் போனவர்களின் பெயர்ப்பலகை
அந்த அரங்கின் வாசலில்தான் இருக்கிறது;
ஏழாவது பெயர் என் பெரியப்பா.
குடைக்கூடை அதைப் பாதி மறைத்திருந்தது,
காலையில் நகர்த்த மறந்திருந்தேன்.
எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.
நடுப்படியில் ஒன்றைச் சொல்லித் தொலைத்தேன்.

ஹீட்டர் சத்தம்.
மேயர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்,
பதில் அங்கே இருப்பதுபோல.

பின்வரிசையில் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்த
ஒயிகாவா தோமோயே கை தூக்கினாள்.
சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து நேராக வந்தவள்.
"அவரிடம் கேளு,
நம்முடையதும் போயிருக்குமே, பதினொன்றில்?
அங்கே போய் என்ன செய்தது?"

பதினொன்று என்று
விருந்தாளிகள் முன்னால் நாங்கள் சொல்வதில்லை.
தோமோயே அன்று இழந்தது
வீடு, லாரி, தங்கை.
அந்த வரிசையில்தான் சொல்வாள்.

கேட்டேன்.
நிபால்தோ விரல் மடக்கி எண்ணினார்.
"இருபத்திரண்டு மணி நேரம் கழித்து, ராத்திரியில்.
வானொலி சொல்லிவிட்டது, மேட்டில் ஏறிவிட்டோம்.
ஒரு படகுத்துறை போயிற்று. இரண்டு படகு.
ஒன்று என்னுடையது.
அந்த மாதம்தான் கடன் அடைந்திருந்தது."

கடன். அந்தச் சொல்லுக்கு நான் தடுமாறவில்லை.

தோமோயே எழுந்தாள், பூட்ஸ் கிறீச்சிட்டது.
குனிந்தாள்.
அவள் சொன்னது எந்தப் படி என்று
நான் தேடுவதற்குள்
அவரும் குனிந்துவிட்டார், தப்பாக,
கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்,
தொப்பி கீழே விழுந்து உருண்டது.
யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர்.
சிரிக்கிற விஷயமில்லை என்று தெரிந்தேதான்.

மாலையில் அறிக்கைப் படிவம் நிரப்பினேன்.
பரிமாறிக்கொண்டவை என்று ஒரு கட்டம்.
செப்புத் தட்டு, ஒன்று.
கொடி, ஒன்று.
அலை, இரண்டு.
மேலதிகாரி சிவப்பு மையால் ஒரு வரியை அடித்துவிட்டு
மினி பஸ் ரசீது எங்கே என்றார்.

ஜன்னலுக்குக் கீழே சிப்பிக் கொட்டகையில்
எலுமிச்சை பிழியலாமா கூடாதா என்று
இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.
அரை மணி நேரமாக.
என்னை யாரும் கூப்பிடவில்லை.