பதினாறாவது அமர்வு

தலையில் மூன்று ஒயர்.
காது மடலில் கிளிப். பசை ஜில்லென்கிறதாம்.
திரையில் ஒரு விமானம்:
ஃபர்ஹான் கவனித்தால் பறக்கும்,
மனசு நழுவினால் சரியும்.
மாத்திரை கிடையாது, இதுதான் வைத்தியம்.
இன்று ஏழு முறை கடலில் விழுந்தது.
எட்டாவதில் எனக்குத்தான் மூச்சு நின்றது.

ரசீதை மடித்துக்கொண்டு
தஞ்சாவூரில் பஸ் ஏறினோம்.
நீடாமங்கலம் கேட்
வழக்கம்போல மூடிக் கிடந்தது.
வெள்ளரிக்காய்க்காரி ஜன்னல் ஜன்னலாக வந்தாள்.
நெல் ஏற்றிய கூட்ஸ்.
கம்பியில் நெற்றியை அழுத்தி
ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தான்.
நான் வாய் திறக்கவில்லை.
வெள்ளரிக்காய் வேண்டாமென்று
கையை மட்டும் அசைத்தேன்.

"நாப்பத்திரண்டு.
இருபத்தொன்பதாவது பெட்டிக்குக்
கதவு சரியா மூடல."

கேட் தூக்கினார்கள்.
அவன் நெற்றியில் கம்பியின் துரு,
பசை காய்ந்த இடத்துக்குப் பக்கத்தில்.
துடைக்க விடவில்லை.