சத்தம் நிறுத்தலாம்

நில அளவைக் கருவி விற்கிற கடையில்
எல்லோரும் முதலில் கேட்பது விலை.
அவர் கேட்டது,
"பட்டனை அழுத்தினா சத்தம் வருமா?"
வரும், நிறுத்திவிடலாம் என்றேன்.
"முழுசா?"
முழுசா.

கண்ணாடி மேசைமேல் மூன்று ஜி.பி.எஸ். எடுத்து வைத்தேன்.
தொடுதிரை வைத்ததை அவர் தொடவே இல்லை.
ஏற்காட்டுப் பனியில் விரல் காயவே காயாதாம்,
ஈர விரலுக்கு அது பேயாட்டம் போடுமாம்,
யாருடையதையோ வாங்கிப் பார்த்திருக்கிறார்.
மஞ்சள் நல்லது,
புல்லில் விழுந்தாலும் தேடி எடுத்துடலாம் என்றேன்.
"அதான். மத்தவனும் எடுத்துருவான்."

மிஞ்சியது கறுப்பு.
ஐந்து பட்டன், சீட்டுக்கட்டு அளவு,
இரண்டு பென்சில் பேட்டரி.
கொட்டச்சேட்டுப் பெட்டிக்கடையில்
ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற அதே பேட்டரி.
அதற்குத்தான் முதல்முறை தலையாட்டினார்.

சில்வர் ஓக் அடர்ந்த எஸ்டேட்டுக்குள் எடுக்குமா?
வெளிச்சத்தை எவ்வளவு குறைக்கலாம்?
குறித்துவைத்த இடங்களை
மொத்தமா அழிக்க வேண்டுமா,
ஒவ்வொன்றாகவும் அழிக்கலாமா?

பதினோரு வருஷமாக நிற்கிறேன் இந்த மேசைக்குப் பின்னால்.
சர்வேயர் கேட்பது துல்லியம்.
போர் போடுகிறவர் ஆழம் கேட்பார்,
இதில் தெரியாது என்றால் கோபித்துக்கொண்டு போவார்.
மாக்னசைட் ஆட்களுக்கு ஜி.எஸ்.டி. பில் இருந்தால் போதும்.
இருட்டையும் மௌனத்தையும் மறதியையும்
ஒரே மூச்சில் கேட்டவர் இவர்தான்.

சுருக்குக் கம்பி வைக்கிறவனுக்கு மூன்றும் வேண்டும்.
அந்தக் கம்பியை ராத்திரியில் தேடிப் பிடுங்குகிற
வேட்டைத் தடுப்புக் காவலருக்கும்
இதே மூன்றுதான் வேண்டும்.
எதுக்குண்ணே என்று கேட்டிருக்கலாம்.
டார்ச் லைட் விற்கிறவன் கேட்கிறானா என்பார் முதலாளி.
கேட்கவில்லை.

ஓட்டிப் பார்க்க வெளியே வந்தோம்.
ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழே
ஒரு செயற்கைக்கோளும் சிக்கவில்லை,
திரையில் பூமி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
ரோட்டைத் தாண்டி, கரும்பு ஜூஸ் வண்டி ஓரம்,
அங்கே கிடைத்த ஒரு முழ வானத்தில்
நான்கு, ஏழு, ஒன்பது என வந்து சேர்ந்தன.
அவர் திரையைப் பார்க்கவில்லை.
வடக்கே, துணிக்கடை விளம்பரத்துக்கு மேலே,
மலை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.
அன்றைக்கு மேகம்.
"வழி தெரியும்மா. நம்பர்தான் வேணும்."

பில்லில் பேர் வேடியப்பன்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு, ரப்பர் பேண்டு போட்டு.
நோட்டில் மிளகு வாசம்.

ஆனியில் போனது மார்கழியில் திரும்பி வந்தது,
பேட்டரி மூடி உடைந்து, கறுப்பு டேப் சுற்றி.
மூடி மாற்றினேன்.
"அப்படியே உள்ள இருக்கறதை அழிச்சிரும்மா.
ஒண்ணே ஒண்ணை விட்டுட்டு."

கே 1, கே 2, கே 3.
ஓடைக்கரையிலும் எஸ்டேட் வேலி ஓரத்திலும்
எறும்பு வரிசை மாதிரி கே 63 வரைக்கும்.
ராத்திரி ஒன்றரை. இரண்டு நாற்பது. மூன்று பத்து.
கே என்றால் கண்ணி.
வைத்ததா, எடுத்ததா,
இரண்டுக்கும் ஒரே எழுத்து.

நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்
அம்மு.
அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஒரு ராத்திரி
நான்கு மணி நேரம் நகராமல் இருந்திருக்கிறார்.
அதற்கப்புறம் பதினோரு தடவை போய்ப் போய் வந்திருக்கிறார்.

"நாயா?" என்றேன்.
ம் என்றாரா, இருமினாரா, தெரியவில்லை.

மொத்தமாக அழித்தால் அம்முவும் போய்விடும்.
ஒவ்வொன்றாகத்தான்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
ஆனியில் நானே நிறுத்திக் கொடுத்த சத்தம்
முதல் பட்டனிலேயே கீச்சென்றது.

நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் வாசல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.
பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு
அறுபத்து மூன்று தடவை.